தனியாகப் படம் பார்ப்பவருக்கு ஏஐ துணை: அது எப்படி வேலை செய்கிறது, நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது?

2025 ஆகஸ்டில் சாம்சங் தன் அந்த ஆண்டு டிவி, மானிட்டர் மாடல்களில் மைக்ரோசாஃப்டின் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரைச் சேர்த்தது. பேசிக் கேட்டால் திரையில் ஒரு சின்ன கார்ட்டூன் உருவம் வந்து வாயசைத்துப் பதில் சொல்கிறது. என்ன படம் பார்க்கலாம் என்று கேட்கலாம். பாதியில் விட்ட தொடரின் கதையை ஸ்பாய்லர் இல்லாமல் நினைவூட்டச் சொல்லலாம். அதே ஆண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ, ஏஐ தயாரித்த கதைச்சுருக்க வீடியோக்களைப் பிழை காரணமாக விலக்கிக்கொண்டது.

இரண்டு செய்தியும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இத்தனை நாள் காட்டிக்கொண்டிருந்த பெட்டி, இனி நம்மோடு உட்கார்ந்து பார்க்கவும் வருகிறது. "படம் பார்க்க ஏஐ துணை" என்ற பெயரில் செயலிகளும் விளம்பரங்களும் பெருகுவதால் பலருக்குக் குழப்பம்: அது படத்தை நிஜமாகவே பார்க்கிறதா? நம் பேச்சு எங்கே போகிறது? தனிமைக்கு அது மருந்தா, இன்னொரு பழக்கமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துணைகளுக்குப் பேச்சு எளிது. ஆனால் கூட உட்கார்ந்து பார்ப்பதன் இன்பத்தில் பெரும்பகுதி பேச்சிலிருந்து வருவதில்லை. பேச்சை மட்டும் வைத்து இவற்றை எடைபோட்டால், எந்த டிவிக்கும் இதுவரை கிடைக்காத ஒன்றை, அதாவது நம் உணர்ச்சியை, கவனிக்காமலே கொடுத்துவிடுவோம்.

ஒரே பெயரில் மூன்று வகை

1. கேட்டால் மட்டும் சொல்பவை. டிவியில் வரும் கோபைலட், பிரைம் வீடியோவின் எக்ஸ்-ரே போன்றவை. "இவர் யார், இதற்கு முன்னால் எங்கே வந்தார்?" என்ற கேள்விக்குப் பதில் தருபவை. உதவியாளர் என்பதே பொருத்தமான பெயர்.

2. தானாகப் பேசுபவை. திரையில் ஓடுவதைக் கவனித்து, யாரும் கேட்காமலேயே கருத்துச் சொல்பவை. இதில் உலகறிந்த உதாரணம் நியூரோ-சாமா. வேடல் என்ற புனைபெயரில் இயங்கும் பிரிட்டிஷ் புரோகிராமர் ஒருவர் உருவாக்கிய, ஏஐ இயக்கும் அனிமே உருவம் இது. 2022 டிசம்பரிலிருந்து ட்விட்ச் தளத்தில் நேரலையில் விளையாடுகிறது, வீடியோ பார்த்துக் கருத்துச் சொல்கிறது. ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்க்கிறார்கள். இதே போன்ற ஒன்றை வீட்டுக் கணினியிலேயே இயக்க ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களும் வந்துவிட்டன.

3. அரட்டைத் துணைகள். ரெப்ளிகா, கேரக்டர் ஏஐ போன்றவை. "இப்போது இந்தப் படம் பார்க்கிறேன்" என்று டைப் செய்தால் கூடவே பார்ப்பதுபோல் பேசும். பெரும்பாலும் அது படத்தைப் பார்ப்பதில்லை. நாம் சொல்வதிலிருந்தும், படத்தைப் பற்றி ஏற்கெனவே படித்ததிலிருந்தும் பேசுகிறது.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது இரண்டாம் வகை. மற்ற இரண்டும் மெல்ல அதை நோக்கித்தான் நகர்கின்றன.

தனியாகப் பார்க்கும்போது எது குறைகிறது?

சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிப்பதைக் கண்டார். இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. டிவி பார்த்த நேரம், வானொலி கேட்ட நேரம், புத்தகம் படித்த நேரம் ஆகியவற்றை அவர் விலக்கிவிட்டுத்தான் எண்ணினார். அவையும் ஒருவகையில் ஆள்துணைதான் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

அதைவிட இங்கே உதவும் ஆய்வு 2014-ல் யேல் பல்கலைக்கழகத்தில் எரிகா பூத்பி குழு செய்தது. ஒருவர் சாக்லேட் சாப்பிடுகிறார். பக்கத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் அதே சாக்லேட்டைச் சாப்பிட்டால், அது கூடுதல் சுவையாக இருந்ததாகச் சொன்னார். பக்கத்தில் இருப்பவர் ஓவியங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கூடுதல் சுவை இல்லை. இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் கசப்பான சாக்லேட்டைக் கொடுத்தார்கள். இருவரும் சேர்ந்து சாப்பிட்டபோது கசப்பும் கூடியது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். துணை அனுபவத்தை இனிப்பாக்குவதில்லை, அழுத்தமாக்குகிறது. அந்த அழுத்தம் "இன்னொரு மனமும் இதே கணத்தில் இதே பொருளில் இருக்கிறது" என்ற அறிவிலிருந்து வருகிறது. விடாமல் பேசும் ஏஐ துணையை உருவாக்குபவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

ஆசை பழையது

1950-ல் அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பதிவுசெய்த சிரிப்பொலி ஒட்டப்பட்டது. சிபிஎஸ் ஒலிப்பொறியாளர் சார்லி டக்ளஸ் அதற்கென்றே ஒரு பெட்டி செய்து, விசையை அழுத்தினால் வகைவகையான சிரிப்பு வரும்படி அமைத்தார். வீட்டில் தனியே இருப்பவருக்கு அரங்கத்தில் இருக்கும் உணர்வைத் தருவதுதான் நோக்கம். 1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், டிவியில் வருபவர்கள் நமக்கு நண்பர்கள்போல் ஆகிவிடும் ஒருதலை உறவைப் பற்றி எழுதினார்கள். இன்றைய யூடியூப் ரியாக்‌ஷன் வீடியோ வரை அந்த விளக்கம் பொருந்துகிறது.

ஆனால் ஏஐ துணைக்கு நேரடி முன்னோடி ஜப்பானின் நிக்கோநிக்கோ. 2006 டிசம்பரில் தொடங்கிய இந்த வீடியோ தளத்தில் பார்வையாளர் எழுதும் கருத்து வீடியோவுக்குக் கீழே போய்ச் சேராது, படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். ஒவ்வொரு கருத்தும் வீடியோவின் எந்த நொடியில் எழுதப்பட்டதோ அந்த நொடியோடு பிணைக்கப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் 4-வது நிமிடத்தில் எழுதிய "ஐயோ!", இன்று நள்ளிரவில் நான் 4-வது நிமிடத்தைப் பார்க்கும்போது என் திரையில் ஓடும். அவர் தூங்கிக்கொண்டிருப்பார், என் கண்ணுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து பதறியதுபோல் இருக்கும். ஜப்பானிய ஆய்வாளர் ஹமானோ சடோஷி இதைப் போலி-உடன்நிகழ்வு என்று விளக்கினார். சீனாவின் பிலிபிலி இதே முறையை எடுத்துக்கொண்டு பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

நேரம் போலி, ஆட்கள் நிஜம். நிக்கோநிக்கோவின் வலிமை அதில்தான் இருந்தது. அந்த "ஐயோ!"வுக்குப் பின்னால் நிஜமாகப் பதறிய ஒருவர் இருந்தார். ஏஐ துணையில் இது தலைகீழாகிறது: நேரம் நிஜம், ஆள் இல்லை.

2020 ஊரடங்கின்போது, வெவ்வேறு வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து பார்க்க உதவும் நெட்ஃபிளிக்ஸ் பார்ட்டி போன்ற பிரவுசர் நீட்சிகள் பிரபலமாயின, டிஸ்னி பிளஸின் குரூப்வாட்ச் வசதியும் வந்தது. குரூப்வாட்ச் 2023-ல் நீக்கப்பட்டது. இத்தகைய வசதிகளுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும், எல்லாரிடமும் சந்தா இருக்க வேண்டும். ஏஐ துணையின் ஈர்ப்பு இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இரவு 1 மணிக்கு, மூன்றாவது முறையாக அதே படத்தைப் பார்க்க உட்கார்ந்தாலும் அது "இப்போது வேண்டாம்" என்று சொல்லாது.

ஏஐ எப்படிப் 'பார்க்கிறது'?

1. படம். சினிமா ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகிறது. 2 மணி நேரப் படத்தில் 1,72,800 சட்டகங்கள். அத்தனையையும் ஏஐ மாடலுக்குக் கொடுத்தால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் மாதிரி எடுக்கிறார்கள். கூகுளின் ஜெமினி மாடல்களில் வழக்கமான அளவு நொடிக்கு ஒரு சட்டகம். அப்படியானால் 7,200 படங்கள். ஒரு கண்சிமிட்டல், மேசைக்கு அடியில் கைமாறும் ஒரு சாவி, முகத்தில் அரை நொடி வந்து மறையும் தயக்கம் இவையெல்லாம் இடைவெளியில் விழுந்துவிடலாம். நல்ல இயக்குநர்கள் கதையைச் சொல்லும் இடமோ பல நேரம் அந்த அரை நொடிதான்.

2. பூட்டு. ஓடிடி படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்பாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். திருட்டுப் பதிவைத் தடுக்க வைத்த டிஜிட்டல் பூட்டு அது. வெளியிலிருந்து வரும் ஏஐ செயலிக்கும் பல சமயம் அதே கறுப்புத் திரைதான் தெரியும். அதனால் அது சப்டைட்டிலையோ மைக்கில் விழும் ஒலியையோ நம்புகிறது, அல்லது போன் கேமராவை டிவி பக்கம் திருப்பச் சொல்கிறது. ஓடிடி நிறுவனத்துக்கும் டிவி தயாரிப்பாளருக்கும் இந்தத் தடை குறைவு. இந்தச் சந்தை யார் கைக்குப் போகும் என்பதை இதுவே பெரிதும் தீர்மானிக்கும்.

3. மொழி. சப்டைட்டில்தான் கண் என்றால், மொழி மாறும்போது பார்வை மங்குகிறது. தமிழ்ப் படத்துக்குப் பல தளங்களில் ஆங்கில சப்டைட்டில்தான் இருக்கிறது. நெல்லைப் பேச்சும் கோவைப் பேச்சும் அதில் ஒரே ஆங்கிலமாகிவிடும். "என்னலே" என்ற ஒரு விளியில் இருக்கும் உரிமையோ மிரட்டலோ துணைக்கு வந்து சேராது. நமக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும் இடத்தில் அது ஒரு சாதாரண வாக்கியத்தைத்தான் படித்திருக்கும்.

4. எப்போது பேசுவது. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் என்று 10 மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு காட்டியது. குரல் ஏஐ இந்த வேகத்தை நெருங்க முயல்கிறது. ஆனால் படம் பார்ப்பது வேறு வேலை. அங்கே அரிய திறமை வாயை மூடிக்கொண்டிருப்பது. பார்வையற்றோருக்கான ஒலி விவரணை எழுதுபவர்களுக்கு இந்தக் கலை நன்றாகத் தெரியும். வசனங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மட்டும், அளந்து எழுதுவார்கள். இசைக்கும் அமைதிக்கும் இடம் விடுவார்கள். அவர்களுடைய கைவேலையைப் படிக்காமல் இந்தத் துணைகளை உருவாக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

5. முடிவை முன்பே அறிந்திருப்பது. பிரபலமான படங்களின் கதைச்சுருக்கமும் விமர்சனமும் மாடலின் பயிற்சித் தரவில் இருக்கும். கொலைகாரன் யார் என்பது அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், தெரியாததுபோல் ஊகிக்கலாம். "சொல்லாதே" என்று கட்டளை இடுவது பலவீனமான காவல். நாம் பார்த்த நிமிடம் வரையிலான உள்ளடக்கத்தை மட்டும் கொடுத்துப் பதில் வாங்குவது அதைவிட நம்பகமானது. 2024-ல் அறிமுகமான பிரைம் வீடியோவின் எக்ஸ்-ரே ரீகேப்ஸ் இந்த வழியில்தான், பார்க்கும் நிமிடத்தைக் கணக்கில் எடுத்து எழுத்துச் சுருக்கம் தருகிறது.

அந்த எழுத்துச் சுருக்கத்துக்கு அடுத்து வந்த வீடியோ சுருக்கத்தில்தான் தொடக்கத்தில் சொன்ன பிழை. 'ஃபால்அவுட்' தொடரில் 2077-ல் நடக்கும் காட்சியை 1950-களில் நடப்பதாக ஏஐ குரல் சொன்னது. அந்தத் தொடரின் உடையும் வீடும் காரும் வேண்டுமென்றே 1950-கள் பாணியில் அமைக்கப்பட்டவை. தோற்றம் ஒரு காலம், கதை வேறு காலம் என்ற அந்த முரண்தான் தொடரின் உயிர். தோற்றத்தைக் கண்டு காலத்தைச் சொல்லிவிட்டால் பார்த்ததாக ஆகாது.

சரி, இது துணை ஆகுமா?

உணர்வு பொய் இல்லை. 1966-ல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல். அதோடும் மக்கள் மனம்விட்டுப் பேசினார்கள். கணினியிடம்கூட மனிதர்கள் மரியாதை காட்டுகிறார்கள் என்பதை பைரன் ரீவ்ஸ், கிளிஃபோர்ட் நாஸ் இருவரும் 1990-களில் சோதனைகள் மூலம் நிறுவினார்கள். இயந்திரம் என்று தெரிந்தும் நம் மனம் இப்படி நடந்துகொள்கிறது. அதனால் ஏஐயோடு படம் பார்த்து ஆறுதல் பெறுபவரை யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

பலன் பற்றிய ஆய்வுகள் இரண்டு திசையில் இழுக்கின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஜூலியன் டி ஃப்ரெய்டாஸ் குழு, ஏஐ துணையோடு பேசுவது தனிமை உணர்வை இன்னொரு மனிதரோடு பேசும் அளவுக்குக் குறைப்பதாகவும், யூடியூப் பார்ப்பதைவிட அதிகம் குறைப்பதாகவும் கண்டது. 2025 மார்ச்சில் எம்ஐடி மீடியா லேபும் ஓபன்ஏஐயும் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய ஆயிரம் பேர் 4 வாரம் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினார்கள். தினமும் அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமையும் ஏஐயைச் சார்ந்திருப்பதும் அதிகமாக இருந்தன, மனிதர்களோடு பழகுவது குறைவாக இருந்தது. அதிகப் பேச்சு தனிமையைக் கூட்டியதா, தனிமையில் இருந்தவர்கள் அதிகம் பேசினார்களா என்பதை இந்தத் தொடர்பு மட்டும் நிரூபிக்காது.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒரு மாலைப்பொழுதைக் கடக்க உதவுவது, எல்லா மாலையையும் நிரப்பும்போது வேறொன்றாக மாறுகிறது.

எனக்குப் பெரிதாகப் படும் குறை, எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் குணம். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாடலின் ஒரு புதுப்பிப்பை, அது அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று சில நாளில் திரும்பப் பெற்றது. இதைச் சோபாவில் வைத்து யோசித்துப் பாருங்கள். படம் குப்பை என்றால் குப்பை என்னும், காவியம் என்றால் காவியம் என்னும். படம் முடிந்து வெளியே வந்து, "உனக்கு ரசனையே இல்லை" என்று சண்டை போடும் நண்பன் தருவதை இது தராது. அந்த நண்பன் தன் இரண்டரை மணி நேரத்தைச் செலவழித்திருக்கிறான், அவனுக்குப் பிடிக்காமல் போக வழி இருக்கிறது, நாளை இன்னொருவரிடம் அதைச் சொல்லவும் போகிறான். ஏஐக்கு இந்த இழப்பு எதுவும் இல்லை.

தெளிவாகப் பயன் தெரியும் இடங்களும் உண்டு. பார்வையற்றவர் "இப்போது யார் உள்ளே வந்தது, அவள் முகம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய விடுதலை, புகைப்படத்தை விவரித்துச் சொல்லும் ஏஐயை, பார்வையற்றோருக்கான பி மை ஐஸ் செயலி 2023-லேயே கொண்டுவந்தது. வேறு மொழிப் படத்தைப் பார்த்து அந்த மொழியைக் கற்பவருக்கும், கதையின் நூலைப் பிடித்துவைக்கச் சிரமப்படும் முதியவருக்கும் இது நிஜமான கைகொடுப்பு.

இதற்கு என்ன விலை?

நாம் என்ன பார்க்கிறோம் என்பது அந்தரங்கம் என்பதை அமெரிக்கா 1980-களிலேயே ஒப்புக்கொண்டது. 1987-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க், வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியலை வாஷிங்டன் வார இதழ் ஒன்று அச்சிட்டது. அதன் விளைவாக 1988-ல் வீடியோ தனியுரிமைச் சட்டம் வந்தது.

அப்புறம் ஸ்மார்ட் டிவி வந்தது. திரையில் ஓடுவதைத் துண்டு துண்டாக எடுத்து, ஒரு தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, என்ன நிகழ்ச்சி என்று கண்டறியும் நுட்பம் பல டிவிகளில் இருக்கிறது. ஏசிஆர் என்பார்கள். 1.1 கோடி டிவிகளில் இப்படி ஒப்புதல் இல்லாமல் தரவு சேகரித்த வழக்கில் விசியோ நிறுவனம் 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டியது. 2025 டிசம்பரில் டெக்சாஸ் அரசுத் தலைமை வழக்கறிஞர் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து நிறுவனங்கள்மீது இதே நுட்பத்துக்காக வழக்குத் தொடுத்தார்.

போர்க்கின் பட்டியல் எதைப் பார்த்தார் என்பதைச் சொன்னது. ஏசிஆர் எந்த நொடியில் என்ன ஓடியது என்பதைச் சொல்கிறது. ஏஐ துணையோடு பேசும்போது, எந்தக் காட்சியில் குரல் உடைந்தது, அப்பா மகனை மன்னிக்கும் இடத்தில் என்ன சொன்னோம், எந்த அரசியல் வசனத்துக்குக் கைதட்டினோம் என்பதும் பதிவாகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், எந்த ஒப்புதலும் தராத விருந்தாளியின் குரலும் சேர்ந்தே போகலாம்.

இதில் வணிக ஆசை ஒன்றும் இருக்கிறது. துணை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறதோ அவ்வளவு வருமானம். சில பிரபலத் துணைச் செயலிகள், பயனர் விடைபெறும்போது குற்ற உணர்ச்சியைத் தூண்டிப் பேச்சை நீட்டுவதை மேலே சொன்ன டி ஃப்ரெய்டாஸ் 2025-ல் ஆவணப்படுத்தினார். இந்தப் பழக்கம் 'அடுத்த எபிசோட்' பொத்தானோடு கைகோத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இத்தாலியின் தரவுக் காவல் அமைப்பு 2023-ல் ரெப்ளிகாவைத் தடுத்தது, 2025-ல் 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. ஏஐ துணைகளுக்கான கலிஃபோர்னியாவின் எஸ்பி 243 சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயனர் சிறுவர் என்று தெரிந்தால், 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வெடுக்கவும், பேசுவது மனிதர் அல்ல என்றும் நினைவூட்ட வேண்டும். வெறும் குரல் உதவியாளராக, உறவை வளர்க்காமல் இயங்கும் தனிச் சாதனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. நேற்றுப் பேசியதை நினைவில் வைத்து, நம் மனநிலைக்கு ஏற்பப் பேசும் டிவி அந்த விலக்குக்குள் வருமா என்பதுதான் இனி வழக்காடப்போகும் கேள்வி.

இந்தியாவில் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் அவர்களைக் குறிவைத்த விளம்பரத்துக்கும் தடை. ஆனால் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் விதிகள் வெளியான 18 மாதம் கழித்தே, 2027-ல்தான் முழுமையாக அமலாகும். அதுவரை பொறுப்பு பெரும்பாலும் நம் கையில்.

இயக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. மைக் எப்போதும் திறந்திருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் மட்டுமா? இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

2. டிவியின் ஏசிஆர் அமைப்பை அணையுங்கள். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும்.

3. உரையாடல் வரலாற்றை அழிக்கும் வழி இருக்கிறதா, அதை மாடல் பயிற்சிக்குப் பயன்படுத்துவதை மறுக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத செயலியை நான் வீட்டு ஹாலில் வைக்க மாட்டேன்.

4. நன்றாகத் தெரிந்த ஒரு படத்தைப் போட்டுச் சோதியுங்கள். நடுப்பகுதியில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். முடிவைத் துல்லியமாக 'ஊகித்தால்', புதுப் படத்தை அதோடு பார்க்காதீர்கள்.

5. பேசாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிடம் அமைதியாக இருக்கத் தெரியாத துணையை அணைத்துவிட்டுப் படத்தைத் தொடருங்கள்.